மரவள்ளிப் பாத்தியில் விதைத்த ஆணிகள்

ரப்பர் பால் நிறுத்து முடிந்து பெண்கள் வாளி கழுவிக்கொண்டிருந்த பிற்பகலில் செய்தி வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசன் சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னார்:

"காலையில பட்டாளம் வருது. லயத்து வீடு முழுக்கச் சோதனையாம். மண்ணுக்குள்ள இருக்கிற இரும்பக் கண்டுபிடிக்கிற மிஷினும் வருதாம்லா."

அகத்தா வாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவள் கணவர் ஜெரார்ட் ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோரில் இஞ்சின்காரர். ஞாயிறு பூசை முடிந்தால் மற்றவர்கள் கள்ளுக்கடைக்குப் போவார்கள். அவர் குருன் காட்டோரம் போவார். ஜப்பான் சண்டை ஓய்ந்தபின் சுங்கைப்பட்டாணியில் ஒரு பழைய சாமான் கடையில் அப்படியொரு மிஷினை வாங்கியிருந்தார். காதில் குழாயை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரப் பட்டாளம் பின்வாங்கிய வழியெல்லாம் தடவிப் பார்ப்பார். பட்டாளத்துப் பொத்தான், பெல்ட்டுக் கொக்கி, ஓட்டை விழுந்த இரும்புத் தொப்பி. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து அடுக்கி வைப்பார். அவற்றோடு வெடிக்காத தோட்டாக்களும் சேர்ந்துவிட்டன.

பிறகு மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் தூக்கு என்றார்கள். ஜெரார்ட் தோட்டாக்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, பின்கட்டு மரவள்ளிப் பாத்தியில் புதைத்தார். அதோடு விடவில்லை. பாத்தி முழுக்கப் பழைய ஆணியும் தகர மூடியும் விதைத்தார்.

"இனி எவன் மிஷினக் கொண்டாந்தாலும் எல்லா இடமும் கத்தும். எதுன்னு அவன் கண்டுபிடிப்பான்?" என்று சிரித்தார்.

இப்போது ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுப் பரணிலிருந்து தன் மிஷினை எடுத்து வந்து அவரே தடவினார். எல்லா இடமும் கத்தியது.

"எங்கங்க பொதைச்சீங்க?"

"அந்த வளைஞ்ச மரவள்ளிக்குப் பக்கத்துல."

"அதத்தான் புடுங்கி அவிச்சுத் தின்னுட்டமே! ரெண்டு தட்டு நீங்கதான் தின்னீங்க!"

இருவரும் தோண்டினார்கள். ஆணி. மூடி. மறுபடி ஆணி. அகத்தாவின் நகக்கண்ணில் இரத்தம் கசிந்தது. ஊரடங்குச் சங்கு ஊதியபோது கிணற்றடி மூலை மட்டும் தோண்டாமல் மிச்சமிருந்தது. மிஷினைக் கக்கூஸ் குழிக்குள் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். கையில் ஜெபமாலை இருந்தும் அவளுக்கு ஜெபம் வாயில் வரவில்லை.

விடிந்ததும் ஆண்களை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜெரார்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இளம் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் பாத்தியில் மிஷினை இறக்கினான். கத்தியது. தோண்டினான்; ஆணி. நகர்ந்தான். கத்தியது. தகர மூடி.

"என்னக்கா இது, தோட்டமா, இரும்புக் கடையா?" என்றார் கூட வந்த போலீஸ்காரர் மூசா.

"கோழிக்கூண்டு இருந்த எடம், தம்பி." சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சிப்பாய் கிணற்றடி மூலையை நோக்கித் திரும்பினான். அகத்தா ஜெரார்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவன் குழாயைக் கழற்றிக் காதைத் தேய்த்தான், ஏதோ முணுமுணுத்தான்.

"தொரைக்குக் காது வலிக்குதாம்," என்று மூசா சிரித்தார். அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

கொஞ்ச நாளில் எல்லோரையும் முள்வேலிக்குள் புது லயத்துக்கு மாற்றினார்கள். பழைய பாத்தி வேலிக்கு வெளியே போனது. அந்தப் பக்கம் ஆள் தெரிந்தாலே சுடுவார்கள். சாகும்வரை ஜெரார்ட் தரையில் ஆணி விழுந்தால் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். கிணற்றடி மூலை தோண்டப்படாமலே இருக்கிறது.