பக்கத்தில் உட்கார்ந்தவன்

மேச்சேரிச் சந்தையில் சென்றாயனும் அருணகிரியும் பதினெட்டு வருசமாகச் சேர்ந்தே மாட்டுத் தரகு பார்த்தார்கள். ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாட்டைச் சென்றாயன் வாய் ஓயாமல் புகழ்வான். அருணகிரி கூசாமல் சத்தியம் செய்வான்.

எழுபத்தொன்பதில் ஒரு சந்தை நாள். விரலைத் தொட்டு ரகசியமாக விலை பேச, சென்றாயன் நீட்டிய துண்டுக்குள் ஒரு விவசாயி கையை விட்டார். அருணகிரி குறுக்கே வந்தான். "வேண்டாமுங்க. இது ஏர்ல படுத்துக்கும்."

சென்றாயன் அவனைப் புளியமரத்தடிக்கு இழுத்துப்போய்ச் சட்டையைப் பிடித்தான். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, நாயே."

"நானாத் திருந்தலீங்கண்ணா. போன வாரம் சேலத்து ஜெபக் கூட்டத்துல ஏசு என்னைப் புதுசாப் பொறக்க வெச்சுட்டாரு. எனக்கு ஏதுங்க அந்த யோக்கியதை? எல்லாம் அவரு கிருபை."

வேடிக்கை பார்க்கலாம் வா என்று அந்தக் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போனதே சென்றாயன்தான். ஒரே பாயில் தொடை உரச உட்கார்ந்திருந்தார்கள். அருணகிரி தேம்பி அழ ஆரம்பித்ததும் சென்றாயனும் கண்ணை மூடிக்கொண்டான். கூட்டம் கலையும்வரை மூடியே இருந்தான். ஒன்றும் வரவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

"பக்கத்துல நானுந்தானேடா உக்காந்திருந்தேன்" என்றான்.