மிராசுதார் வீட்டு ஃபிரிட்ஜில் எங்கள் நண்டுகள்

கல்லூரியில் குளிரைத் தாங்கும் உயிர்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனி நாட்டுப் பூச்சிகள் சில உடம்பில் கிளிசரின் ஊறவைத்து உறையாமல் தப்பிக்குமாம். சில, உறைந்தே கிடந்து வெயில் வந்ததும் எழுந்து நடக்குமாம். எங்கள் வயல் நண்டுக்கு அந்த வசதி கிடையாது. குளிர் பட்டால் நரம்பும் தசையும் வேலைநிறுத்தம் செய்துவிடும். செத்த மாதிரி கிடக்கும். இதை நான் சின்ன வயதிலேயே மிராசுதார் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மிராசுதார் பெரிய மனிதர். நில உச்சவரம்பு வந்தபோது வண்டிமாட்டைத் தவிர வீட்டில் எல்லார் பெயரிலும் நிலம் எழுதினார். ஆட்சி மாறியதும் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டார். ஊரின் முதல் ஃபிரிட்ஜும் அவருடையதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுவார். உள்ளே ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் மல்லிகைப் பூவும் இருக்கும்.

அந்த வருஷம் கூலியை உயர்த்திக் கேட்டு எங்கள் தெருவில் யாரும் நடவுக்குப் போகவில்லை. உடனே அவர், தன் வயலில் எவரும் நண்டு பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வரப்பில் வளை தோண்டுகிறது, நாற்றை வெட்டுகிறது என்று அதுவரை நண்டைத் திட்டித் தீர்த்தவர் அவர். கூலி கேட்டதும் நண்டு சொத்தாகிவிட்டது.

தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. நண்டு ரசம் வைப்பதற்காக அம்மா வழக்கம்போல் வளைக்குள் கைவிட்டு ஒரு சட்டி நண்டு பிடித்தாள். பண்ணையின் காரியக்காரர் பார்த்துச் சட்டியோடு பிடுங்கிக்கொண்டு போனார். மிராசுதார் களவுப் புகார் எழுதினார். எங்கள் குடிசை இருந்த மனை அவருடையது. குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சொல்லத் தொடங்கியிருந்த நேரம். அதற்குள் அம்மாவைத் திருடி என்று சொல்லி எங்களைக் கிளப்பிவிட அவருக்கு அவசரம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் கூலிப் பேச்சுக்குத் தாசில்தார் வருவதாக இருந்தது. புகாரையும் அவரிடமே கொடுத்துவிட மிராசுதார் நினைத்தார். அதுவரை சாட்சிப் பொருள் கெட்டுவிடக் கூடாதல்லவா? மிராசுதார் சட்டியை ஃபிரிட்ஜில் வைத்தார், மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில். எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அது எதையும் உறையவைக்காது, சில்லென்று ஆக்கும்.

காலையில் வாசலில் மேசை போட்டார்கள். மிராசுதார் சட்டியை அதன்மேல் கவிழ்த்தார். நண்டுகள் காலை மடக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தன.

"பாருங்க சார், எத்தனை உசிரக் கொன்னுருக்கா" என்றார். அவருக்குக் குரல் தழுதழுத்தது. இத்தனை ஜீவகாருண்யத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கூலியைப் பற்றிப் பேச்சு தொடங்கி, இழுத்துக்கொண்டே போனது. அம்மா ஓரமாக அசையாமல் நின்றாள். வெயில் மேசைமேல் ஏறியது. முதலில் ஒரு கண் நிமிர்ந்தது. ஒரு கால்நுனி துடித்தது. சற்று நேரத்தில் அத்தனையும் மேசையிலிருந்து தொப்தொப்பென்று விழுந்து, மிராசுதாரின் காலுக்கிடையில் பக்கவாட்டில் நடந்து, வாய்க்காலில் இறங்கின. தடுக்கப் போன காரியக்காரரின் விரலை ஒன்று கவ்வியது. எங்கள் தெருக்காரர்கள் யாரும் உதவிக்குக் குனியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதாரின் வயல்.

தாசில்தார் பேனாவை மூடினார். "உங்க நண்டு உங்க வயலுக்கே போயிருச்சுங்க. எது களவு போச்சுன்னு நான் எழுதுறது?"

மிராசுதார் அம்மாவைப் பார்த்து, "போ" என்றார்.

அம்மா போகவில்லை. பயத்தில் கால் மரத்துவிட்டதென்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவரிடம் பேசும்போதெல்லாம் 'ஆண்டே' என்று குனிந்து தொடங்குகிறவள், அன்று நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"எஞ் சட்டியக் குடுங்க."

காரியக்காரர் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மிராசுதாரே அதை எடுத்து நீட்டினார். அன்று சாயங்காலம் அம்மா அதே சட்டியோடு அதே வரப்புக்குப் போனாள்.