கழுவி வைத்த பேட்டரி

மைக்செட்காரரைப் போனில் பிடிப்பதைப் போல வில்லங்கமான காரியம் சங்கரன்கோவிலில் வேறொன்று கிடையாது. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நிற்கிற மனிதருக்குச் சட்டைப் பையில் அடிக்கிற போன் எங்கே கேட்கப் போகிறது? கோமதிநாதனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய சண்முகசுந்தரிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று காலை அவள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். மணி போகும், போகும், நின்றுவிடும்.

அவர் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு குலசாமி கோயிலில், காதுகுத்து விசேஷத்துக்கு மைக்செட் போட்டிருந்தார். அங்கே கரண்ட் கம்பமே கிடையாது. பாட்டு, மைக், சமையல் கொட்டகை லைட் எல்லாம் ஒரே ஒரு பெட்டியை நம்பித்தான். புது லித்தியம் பேட்டரிப் பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் சுந்தரி ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டி வைத்திருந்தாள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததே அவளுடைய பிடிவாதத்தால்தான். பழைய ஆசிட் பேட்டரிகளை கோமதிநாதன் ஒரு பக்கம், உதவிக்கு வரும் செல்லப்பா மறு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றுவதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிடும். தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், இனி கனம் தூக்கினால் தையல் தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊருக்கே சத்தம் போட்டுப் பிழைத்த மனிதர் அதற்கப்புறம் வாயே திறக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் சுந்தரிதான் நாலு பேரிடம் விசாரித்துக் கடையநல்லூர் கபீரைப் பிடித்தாள். துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பேட்டரி கட்டிக் கொடுக்கிறவன். அவன் கொண்டுவந்த பெட்டியை அவளே ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீர்கூட அதைவிடக் கனம். கல்யாணத்தன்றுகூடத் தனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கோமதிநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

தூக்க ஆள் வேண்டாம் என்றானதும் செல்லப்பா வேலையிலிருந்து நின்றுகொண்டான். உண்மையில் நிறுத்தப்பட்டான், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். தெருவில் எதிர்ப்பட்டால் சுந்தரியைப் பார்த்தும் பாராதது மாதிரிப் போவான்.

ஆயுத பூஜைக்குப் பேட்டரி கழுவுவது அந்த வீட்டில் சுந்தரியின் பொறுப்பு. ஆசிட் பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் பொடியை வெந்நீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பாள். வெயிலில் காயவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார வைப்பாள். கழுவாத சாமானைச் சாமி முன்னால் வைக்க முடியுமா? இந்த வருஷம் கோமதிநாதன் பொரிகடலை வாங்கப் போயிருந்த நேரத்தில் புதுப் பெட்டியையும் வாசலுக்குத் தூக்கிவந்து ஹோஸ் பைப்பைப் பிடித்தாள். பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருந்தது. அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாள். சாய்த்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் வடிந்தது. நன்றாக வடியட்டும் என்று கவிழ்த்து வைத்தாள். பிறகு பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டாள்.

ஐப்பசி பிறந்து வந்த முதல் முகூர்த்தத்துக்கு, அந்தப் பெட்டியைச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு கோமதிநாதன் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். அவர் போனபின் பெருக்க வந்த சுந்தரி, பெட்டி இருந்த கடப்பைக் கல்லில் துரு நிறத்தில் ஈரம் திட்டாக இருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். நகச்சாயம் மாதிரி தித்திப்பாக ஒரு வாடை. பழைய பேட்டரியில் அப்படி வாடை வந்ததே இல்லை. எதற்கும் கேட்டுவைப்போம் என்று கபீருக்குப் போன் போட்டாள்.

"மதினி, தண்ணி கிண்ணி பட்டுச்சா?" என்று கேட்டான் கபீர்.

"ஆயுத பூஜைக்குக் கழுவுனேன் தம்பி."

"ஈரத்துணி வச்சுத் தொடச்சியளா?"

"ஹோஸப் பிடிச்சு நல்லாவே கழுவுனேன்."

"யா அல்லாஹ்" என்றான் கபீர். "மதினி, தண்ணி உள்ள போயிருக்கும். இத்தன நாளும் உள்ள கெடந்து அரிச்சிருக்கும். பாட்டு, லைட்டுன்னு லோடு குடுத்தா சூடாகி பொகையும், தீ பிடிச்சாலும் பிடிக்கும். ஒடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஆளுக யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது. இப்ப அது எங்கன இருக்கு?"

எங்கன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வெயில் படக்கூடாதென்று பந்தலுக்குள், ஜமுக்காளத்தை ஒட்டி வைத்திருப்பார். பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். மைக்செட்காரர் பெட்டிமேல் உட்காராத பிள்ளை எந்த விசேஷத்தில் உண்டு?

அதற்கப்புறம்தான் அவள் விடாமல் போன் அடித்தது. விசேஷ வீட்டார் நம்பர் அவர் போனில்தான் இருந்தது. முன்பென்றால் கூடப் போகிற செல்லப்பாவுக்கு அடித்திருப்பாள். இப்போதுதான் பெட்டி கனமில்லை என்று மனிதர் ஒற்றை ஆளாகப் போகிறாரே! சுந்தரி வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் பூ மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

செல்லப்பா மூட்டையை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினான்.

"செல்லப்பா, குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் குலசாமி கோயில்ல அவரு காதுகுத்துக்கு மைக்செட் போட்டிருக்காரு, என்னை அங்க கொண்டுபோய் விடணும். ஒனக்கு எடம் தெரியும்லா? அவருக்கு ஆபத்துப்பா."

"ஏன், பெட்டிதான் கனமில்லல்லா? அண்ணாச்சி தனியாவே சமாளிப்பாவல்லா?"

மற்ற நாளென்றால் சுந்தரி அதற்குச் சூடாக ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு அழுகைதான் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. செல்லப்பா தன் மொபெட்டை எடுத்தான்.

வழியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஹோஸாலயா கழுவுனிய?"

"ஆமா."

வண்டியை முறுக்கினான். கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாகச் சுந்தரி வேண்டிக்கொண்டாள். கழுவியதும் சாமிக்காகத்தானே, அதற்கா இந்தத் தண்டனை என்று அடுத்த மூச்சில் அம்மனிடம் சண்டையும் போட்டாள். போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

தார் ரோட்டிலிருந்து காட்டுப் பாதைக்குள் இறங்கியதும் மழைச்சேற்றில் வண்டி சிக்கிக்கொண்டது. இறங்கி நடந்தார்கள். கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பிக் காலைத் தூக்க விடவில்லை. கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். அப்போது தூரத்தில் குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு கேட்டது.

"பாட்டு கேக்கு செல்லப்பா! ஒண்ணும் ஆகல!"

பாட்டு கேட்டால் பேட்டரி ஓடுகிறது. பேட்டரி ஓடினால் அவருக்கு ஒன்றுமில்லை. அப்படி நினைத்த அடுத்த கணமே, ஓடுகிற வரைக்கும் அது சூடாகிக்கொண்டுதானே இருக்கும் என்றும் தோன்றியது. பாட்டு நிற்க வேண்டும் என்று வேண்டுவதா, நிற்கக் கூடாது என்று வேண்டுவதா? அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பாதி வரியில் பாட்டு நின்றுவிட்டது. பெண்கள் அலறும் சத்தம் வந்தது.

சுந்தரி ஓடினாள். சேற்றில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள்.

பந்தல் அப்படியே நின்றது. கூட்டம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கோயில் பக்கம் ஒதுங்கியிருந்தது. உழுது போட்டிருந்த காட்டு நடுவில், ஆள் அண்டாத இடத்தில், அந்தப் பெட்டி வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே பட்டாசு மாதிரி எதுவோ டப்டப்பென்று வெடித்தது. பெட்டிக்கும் பந்தலுக்கும் நடுவே கோமதிநாதன் சேற்றில் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது. இடது கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தார்.

காது குத்திய பிள்ளையின் தாத்தா சுயம்புலிங்கம் அவர் எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "பிள்ளைகளக் கொல்லவாவே வந்தீரு? கண்ட சாமானையும் கொண்டாந்து பந்தலுக்குள்ள வைப்பீரோ?"

"தப்பு என்பேர்லதான் அண்ணாச்சி" என்றார் கோமதிநாதன். "லோடு கூடுதலாக் குடுத்துட்டேன்."

தலை குனிந்தே சொன்னார். சுந்தரி அவர் அருகில் வந்து நின்றாள். அவள் பேசாமல் இருந்தால் கழுவிய விஷயம் வெளியே வராமலே போய்விடும். ஆனால் குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் இனி ஒருத்தர் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, அவர் அப்படித் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் ஒரு தப்பும் செய்யல அண்ணாச்சி" என்றாள். "நான்தான் ஆயுத பூஜைக்கு அந்தப் பேட்டரிய ஹோஸ் பிடிச்சுக் கழுவிட்டேன். உள்ள தண்ணி போயிருச்சு. அவருக்கே தெரியாது."

சுயம்புலிங்கம் அவள்மேல் பாய வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்ற அவர் மருமகள் மீனலோசினி, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, "மாமா" என்றாள்.

"நானும் ஆயுத பூஜைக்கு நம்ம கரண்ட் ஸ்கூட்டர் பேட்டரியக் கழத்தி எடுத்து, கொழாயடியில வச்சுத்தான் கழுவுனேன்."

"இப்ப அது எங்க?"

"அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல. சார்ஜ் போட்டுட்டு வந்தேன்."

அவள் அத்தை, அதாவது சுயம்புலிங்கத்தின் சம்சாரம், பக்கவாதத்தில் எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடந்தாள். சுயம்புலிங்கம் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போயிற்று, போயிற்று, நின்றது. மறுபடி அடித்தார். காலையிலிருந்து சுந்தரி பட்ட பாடுதான் அது.

"பக்கத்து வீட்டுக்கு அடிங்க அண்ணாச்சி" என்றாள். "யாராவது வாசல்ல நிப்பாங்க."

பக்கத்து வீட்டு பெனிட்டா டீச்சர் எடுத்தாள். டீச்சர் செருப்பு சத்தம், கதவுச் சத்தம், யாரோ முனகும் சத்தம் எல்லாம் போனில் கேட்டது. பிறகு டீச்சர், "பிளக்கைப் பிடுங்கிட்டேன், லேசா சூடாத்தான் இருந்துச்சு, பின்னால மண்ணுல கொண்டுபோய் வச்சிட்டேன்" என்றாள்.

சுயம்புலிங்கம் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார், கோமதிநாதனுக்குப் பக்கத்திலேயே. மருமகளைத் திட்டவில்லை. சுந்தரியையும் திட்டவில்லை.

சுந்தரி புருஷன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சூடானா போட்டுட்டு ஓட வேண்டியதுதான? அதை எதுக்குத் தூக்குனிய?"

"அதும்மேல ரெண்டு பிள்ளைக உக்காந்திருந்துச்சு. எறக்கி விட்டேன். சுத்தி வேற பிள்ளைக. அதான் தூக்கிட்டு ஓடிட்டேன். கனம் இல்லல்லா."

பழைய பேட்டரியென்றால் அவரால் அசைத்திருக்கக்கூட முடியாது. அவர் தூக்குவதற்கென்றே அவள் ஓடி ஓடித் தேடி வாங்கிய பெட்டி. சுந்தரி ஓவென்று அழுதாள்.

செல்லப்பா அதற்குள் வயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். "எந்திரிக்காதிய அண்ணாச்சி" என்று அங்கிருந்தே சத்தம் போட்டான். "குழாய நான் எறக்கிக்கிடுதேன். தார் ரோட்டுக்குக் கார் ஒண்ணு வரச் சொல்லிருக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கையில லேசாத்தான் சுட்டிருக்கு. எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் கோமதிநாதன்.

"தையல் வலிக்கா?" என்று சுந்தரி மெதுவாகக் கேட்டாள்.

"சே. கனமே இல்லங்கேன்" என்றார். வயிற்றிலிருந்து கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.