அத்தானின் அடிக்குரலும் ஹார்மோன் மாத்திரையும்

போன ஞாயிறு காலை, தன் வீடு இருக்கிற கட்கியிலிருந்து பஸ் பிடித்து நிக்டியில் என் வீட்டுக்கு வந்து நின்றாள் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏல, ஒங்க அத்தான் மாத்திரைய நிறுத்திட்டாவ. பத்து நாளாச்சாம். நீ வந்து கேளு!"

அது தலைவலி மாத்திரை இல்லை. அத்தானுக்கு புராஸ்டேட்டில் கேன்சர்.

டாக்டர் மராட்டிக்காரர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ஆண்களுக்கு மீசை முளைக்க வைக்கிற டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறதே... அதுதான் இந்தக் கேன்சருக்குத் தீனி. மாத்திரையில் இருப்பது பெண்களுக்கான ஹார்மோன். அதை விழுங்கினால், உடம்பு டெஸ்டோஸ்டிரோன் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். தீனி இல்லாவிட்டால் கேன்சர் அடங்கும். "மார்பு கொஞ்சம் வீங்கும். தாம்பத்திய ஆசை குறையும். உயிர் முக்கியமில்லையா?" என்றார். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு ஏன் நிறுத்தினார்?

அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்ச் பாடகர் குழுவில் 'பேஸ்' என்கிற அடிக்குரல் ஒன்றே ஒன்று — அவருடையதுதான். அவர் கீழ் ஸ்வரத்துக்கு இறங்கினால் பெஞ்சு அதிரும். உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கட்கிக்குப் போய், "ஏன் அத்தான்?" என்று கேட்டேன். டேப் ரிக்கார்டரைத் தூக்கி வந்து மேஜையில் வைத்து, பிளக்கைச் செருகினார்.

மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து மனிதர் தினமும் காலையில் பாத்ரூமுக்குள் போய், தன் அடிக்குரலைப் பதிவு செய்திருக்கிறார்! பாத்ரூமில் ஏன்? அங்கேதான் குரல் கணீரென்று கேட்குமாம்.

"முதல் நாள்" என்றது டேப். பிறகு அந்தக் கம்பீரக் குரல். "பத்தாம் நாள்." குரல் இரண்டு படி ஏறியிருந்தது. "இருபதாம் நாள்..." ஐயோ! ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.

"கேட்டியாடே? இன்னும் ஒரு மாசம் போனா என்னைய பொம்பளையாளுவ வரிசையில நிப்பாட்டிருவானுவ. அதான் நிறுத்திட்டேன். செத்தாலும் ஆம்பளையா சாவேன்லா?"

"நேர்ல பேசும்போது அப்படித் தெரியலையே அத்தான்?"

"எனக்கும் பழைய மாதிரிதான் கேக்கு. சரி, காதும் போச்சுன்னு நெனச்சேன்."

அக்கா உடைந்துவிட்டாள். "பாட்டுப் பாட சர்ச்ல நூறு பேரு கெடைப்பாவ. எனக்குச் சண்ட போட நீங்க ஒருத்தர்தான இருக்கிய?"

டேப் இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ கதவைத் தட்டும் சத்தம். ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக்குரல்:

"எம்புட்டு நேரம்? தோச ஆறுது, வெளிய வாங்க!"

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்றேன்.

"வேற யாரு? ஒங்க அக்காதான்..." சொல்லிக்கொண்டே வந்த அத்தான் பாதியில் நிறுத்தினார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நான் எந்த மாத்திரையத் தின்னேன்?"

அடுத்து, வாசலில் "தூத்!" என்று கூவும் பால்காரர். பயில்வான் மாதிரி ஆள். டேப்பில் அவருக்கும் குழந்தைக் குரல்!

பிறகுதான் எனக்கு விளங்கியது. பாத்ரூமில் பிளக் பாயின்ட் இல்லை. அதனால் பதிவு பேட்டரியில். கேட்பது ஹாலில், கரண்டில். இருபது நாளாக ஒரே பேட்டரி! அது தீரத் தீர, பதிவு செய்யும்போது டேப் மெதுவாக ஊர்ந்திருக்கிறது. ஹாலில் அதுவே முழு வேகத்தில் ஓடும்போது, எல்லார் குரலும் மேலே ஏறிவிட்டது.

மறுநாள் மூவரும் போய் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் மூக்குக் கண்ணாடி நழுவச் சிரித்தார். "ஆவாஸ் கோ குச் நஹீ ஹோகா, அங்கிள்! குரலுக்கு ஒன்றும் ஆகாது. வாலிபத்தில் ஒருமுறை உடைந்த குரல் உடைந்ததுதான். மாத்திரை அதைத் திரும்ப ஒட்ட வைக்காது." சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "ஆனால் பத்து நாள் கேன்சருக்கு விருந்து வைத்திருக்கிறீர்கள். குரலைப் பற்றி அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?"

அத்தான் தரையைப் பார்த்தார். அன்றைக்குப் பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தாராம்... கூச்சமாக இருந்ததாம்!

அங்கேயே தண்ணீர் வாங்கி, அக்கா பார்க்க மாத்திரையை விழுங்கினார். அவள் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதித்தும் பார்த்தாள்.

ஆண்கள் இருக்கிறோமே, நானும் சேர்த்திதான்... உயிரை விடச் சொன்னால் விட்டுவிடுவோம். வெட்கத்தை விடச் சொல்லுங்கள், பார்க்கலாம்!