திருமுல்லைவாயல் தாண்டிச் சொல்லவேண்டிய வாக்கியம்

நேற்று அம்பத்தூர் நடைமேடையில் யாரோ கொய்யாக்காயைப் பிளந்து மிளகாய்த்தூள் தடவினார்கள். அந்த வாசனை போதாதா? மூக்கு என்னைப் பழைய ரயிலுக்குள் தள்ளிவிட்டது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரியின் கடைசி வருடம். நானும் செல்வினும் ஆவடியில் ஏறுவோம். அவன் அப்பாவுக்கு டாங்கி தொழிற்சாலையில் வேலை, வாசம் குவார்ட்டர்ஸில். அவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் செல்வினுக்கு இங்கே வேலை கிடைத்தால் வாடகை வீடு; இல்லையென்றால் குடும்பத்தோடு சொந்த ஊரான நாகர்கோவில். அம்பத்தூரில் ஓர் அலுவலகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

எனக்கோ அப்போது ஆங்கில இலக்கணப் பைத்தியம், அதுவும் அரைகுறை. வாக்கியமும் மின்சார ரயிலும் ஒன்றுதான் என்று ஜன்னலோரத்தில் கண்டுபிடித்தேன். மோட்டார் உள்ள பெட்டி தனியாக ஓடும், அது தனித்து நிற்கும் சிம்பிள் வாக்கியம். அப்படி இரண்டைக் கோத்தால் காம்பவுண்ட். மோட்டாரே இல்லாத பெட்டியை, அதாவது தனியாக நிற்காத 'இஃப்' பகுதியை, அதோடு மாட்டினால் காம்ப்ளெக்ஸ். உடனே சட்டமும் போட்டேன்: அண்ணனூர் வரை சிம்பிள், திருமுல்லைவாயல் வரை காம்பவுண்ட், அம்பத்தூர் வரை காம்ப்ளெக்ஸ். தப்பு விட்டவன் கொய்யா வாங்க வேண்டும்.

"இன்னா நைனா, இன்னிக்கும் இங்கிலீசா? உங்க தப்புலதான் என் கூடை காலியாவுது" என்பார் கொய்யாக்கார அக்கா.

முதல் இரண்டிலும் செல்வின் புலி. மூன்றாவதில் மட்டும், "இஃப் ஐ கெட் திஸ் ஜாப்..." என்று தொடங்கி வெளியே பார்ப்பான். மோட்டார் இல்லாத பெட்டி அப்படியே நிற்கும்.

"முடிடா."

"முடிச்சா அழுதுருவேன் மச்சான். எங்கம்மாவுக்கு இந்த ஊட்ட உட்டுப் போவ மனசே இல்ல."

நேர்காணல் முடிந்து வந்தவனிடம் "இன்னாடா ஆச்சு?" என்றேன்.

"உன் ரூட்லயே போனேன். மொதல்ல குட்டி குட்டியா, அப்பால ரெண்டு ரெண்டா. திருமுல்லைவாயல் தாண்டறதுக்குள்ள எறக்கி உட்டுட்டாங்க."

சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் கொடியில் வேறு யாருடைய துணிகளோ காய்கின்றன. கொய்யாக்கார அக்காவைக் காணவில்லை. ரயிலில் எல்லோர் காதிலும் இயர்போன், என் காதிலும்தான். தப்பும் தவறுமாக உரக்கப் பேச ஆளில்லை.

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து செல்வின் செய்தி அனுப்பியிருந்தான். சென்னைக் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை அவனைப் போனில் நேர்காணல் செய்கிறதாம். நேற்றைய யோசனை இதுதான்: ஞாயிறு காலை ஆவடியில் ஏறி அவனைப் போனில் கூப்பிடப் போகிறேன். பழைய சட்டம் ரத்து. வண்டி நகர்ந்ததுமே "இஃப் ஐ கெட் திஸ் ஜாப்". அம்பத்தூர் வருவதற்குள் மீதியை அவன் சொல்லியாக வேண்டும். அழுதாலும் பரவாயில்லை.