பதினோரு மணி டிரங்க் கால்

மதுரையில் இருந்த அவருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலை மட்டும், ஞாயிறு தவிர்த்து, தினமும் காலை பதினோரு மணிக்கு இரண்டு வருடம் கேட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடிக்கு வெளியே ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் நான் கிளார்க். தலைமை அலுவலகம் மதுரையில். அங்கே கொள்முதல் பிரிவில் அவர். நான் சேர்ந்தபோது ஒரே பெல்ட்டுக்கு நூற்புப் பிரிவில் ஒரு பெயர், ஸ்டோரில் ஒரு பெயர், மதுரையில் இன்னொன்று. நாங்கள் ஒன்று கேட்டால் அவர்கள் வேறொன்றை லாரியில் ஏற்றுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண், இரண்டு ஊரிலும் அதே எண். அந்தப் பட்டியலுக்கு இங்கே நான் பொறுப்பு, அங்கே அவர்.

நாங்களே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். புது எண்ணை நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார், நான் “சரி” என்ற பிறகே இருவரும் பேனாவை எடுப்போம். மற்றவருக்குத் தெரியாமல் யாரும் பட்டியலில் கை வைக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. அவர் எனக்கு மதுரை, நான் அவருக்குக் காரைக்குடி.

“காரைக்குடியா? இருக்கீகளா?”

“இருக்கேன். எழுதிக்கிருங்க.”

ஒரு டிரங்க் காலுக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. எண்கள் முடிந்த பிறகும் அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

“அங்குட்டு மழை உண்டா?” என்பார்.

“இங்குட்டு ஒரு பொட்டு இல்லை.”

“கொஞ்சம் லாரில ஏத்தி விடவா?”

“அதுக்கு முதல்ல நம்பர் போட்டீகளா?”

அவர் சிரிப்பார். பாதிச் சிரிப்பில் எக்ஸ்சேஞ்ச்காரம்மா குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்பாள். அவளைப் போல நான் வெறுத்த பெண் உலகத்தில் இல்லை.

பிறகு இரண்டு அலுவலகத்துக்கும் டெலிபிரிண்டர் வந்தது. இங்கே தட்டினால் அங்கே தாளில் அச்சாகும். அதற்கான விதிகளை எழுதும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். பெருமை பிடிபடவில்லை. மாற்றங்கள் எல்லாம் இயந்திரத்தில், எண் ஒத்துவராவிட்டால் மட்டும் டெலிபோன் என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். எதை வெட்டிவிடுகிறேன் என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த வாரமே உறைத்தது. பதினோரு மணியானால் காது தானாக டெலிபோன் பக்கம் போகும்.

இரண்டாவது வாரம் மதுரையிலிருந்து ஒரு தப்பு வந்தது. கொடிக்கம்பத்துக் கயிற்றின் எண் மாறியிருந்தது. இரண்டு வருடத்தில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாக எழுதாத மனிதர். சரியான எண் எனக்கு மனப்பாடம். இதற்கெதற்கு டெலிபோன் என்று இயந்திரத்திலேயே திருத்தி அனுப்பினேன். மறுநாள் வாட்ச்மேன் குடையின் எண் தப்பு. அதையும் திருத்தி, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று கூடவே ஒரு வரி தட்டினேன். அதன் பிறகு தப்பே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்களைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் கவனித்தேன். கயிறு, குடை. எண் தப்பிப் போனாலும் ஓர் இயந்திரமும் நிற்காது, யாருக்கும் கெடுதல் இல்லை. பார்த்துப் பார்த்துத் தப்புச் செய்திருக்கிறார், நான் கூப்பிடுவேன் என்று. தாளும் கையுமாக உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேஜைக்காரரிடம் கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, தீயணைப்பு வாளிக்கு நானே ஒரு தப்பு எண்ணை அனுப்பினேன். பிறகு டெலிபோனை விட்டு நகரவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை. அந்தக் குரல் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. மூன்று மணிக்கு டெலிபிரிண்டர் தட்டத் தொடங்கியது. வாளியின் சரியான எண் தாளில் வந்து நின்றது, நான் பழக்கிவிட்டபடியே.