விலாசம் விற்றவன்

மாணிக்கவேலின் கை நீளும் என்பது காரைக்காலை ஒட்டிய மீனவக் கிராமமான கிளிஞ்சல்மேட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கடலில் அவனைப் போலப் படகு செலுத்தும் ஸ்ராங்கு கிடையாது என்பார்கள். நீரோட்டம் பார்ப்பதிலும், காற்று திரும்புவதற்கு முன்பே படகைத் திருப்புவதிலும் கெட்டிக்காரன். கரையேறினால் வேறு ஆள். குழம்பில் புளி தூக்கலாக இருந்தாலும் அடிப்பான், குறைந்தாலும் அடிப்பான். அவன் மனைவி வினிதா, ஏலக்கூடத்தில் இறால் தரம் பிரிக்கும்போது முக்காட்டை இழுத்துவிட்டபடிதான் உட்காருவாள். பஞ்சாயத்தில் சொல்லிப் பார்த்தாள். அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அவளும் போனாள்.

மகள் நிலாவின் தலைமயிரை அவன் கையில் சுற்றிப் பிடித்த அன்றுதான் அனுசரிப்பு தீர்ந்தது. மறுநாள் அவன் கடலுக்குப் போனதும், ஒரு பையில் துணியும் பிள்ளையின் புத்தகங்களும் எடுத்துக்கொண்டு திருநள்ளாறுக்கு பஸ் ஏறிவிட்டாள். கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. பின்கட்டில் தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். சனிப்பெயர்ச்சி, சனிக்கிழமை என்று வரும் பக்தர்கள் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, குளித்த பிறகும் பிசுக்கோடு வந்து படுப்பார்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் மஞ்சளாகிவிடும். அந்தக் கறையைக் கொதிநீரிலும் சோடாவிலும் போட்டு எடுப்பதுதான் வேலை. கை வெந்துபோகும். ஆனாலும் தன் வாழ்க்கையில் முதல்முறையாக வினிதா கதவைத் தாழிட்டுத் தூங்கினாள்.

நிலாவை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டியிருந்தது. காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சோமசேகரன் ஓர் இணையச் சேவை மையம் வைத்திருந்தார். சான்றிதழ், பட்டா, பென்ஷன், எதுவென்றாலும் ஜனங்கள் அங்கேதான் போவார்கள். வினிதாவும் போனாள். விரலை வைப்பதற்கு முன்னால் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, இந்த விலாசம் யாருக்கும் தெரியக் கூடாதுங்க. எம் புருசன் தேடிக்கிட்டுத் திரியறான். தெரிஞ்சா கொன்னுடுவான்."

சோமசேகரன் சிரித்தார். "என்ன தங்கச்சி, இது என்ன டீக்கடைப் பேச்சா? கம்ப்யூட்டர். உள்ள போனது போனதுதான், வெளிய வராது."

அந்தத் 'தங்கச்சி'யை நம்பி அவள் விரலை வைத்தாள்.

மாணிக்கவேல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாட்ஜின் பின்கட்டுக்கு வந்து நின்றான். வினிதா விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவன் முந்திக்கொண்டான். அவளுடைய இடது கையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து, தோளால் கதவை மோதினான். மறுபடியும் மோதினான். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"எந்தப் பொந்துல போய் ஒளிஞ்சாலும் கண்டுபுடிப்பேன்டி. சோமு ஒரு பாட்டிலுக்கு உன் விலாசத்தைத் தூக்கிக் குடுத்துட்டான்" என்று கத்தினான்.

அலறல் கேட்டு ஓடிவந்த பக்தர்கள் அவனை மடக்கிப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். அவன் சிறைக்குப் போனான். அவளுடைய மணிக்கட்டு எலும்பு கூடியது, ஆனால் கை முன்போல வளைந்து திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வினிதா நினைத்ததெல்லாம் மாணிக்கவேலைப் பற்றி அல்ல. அவன் மிருகம் என்று அவளுக்கு முன்பே தெரியும். அவனுக்குக் கோர்ட் இருந்தது. தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு ஒரு பாட்டிலுக்கு விற்றவனுக்கு என்ன இருக்கிறது? அதை நினைத்தால் கட்டுக்குள் இருந்த கை தீயாக எரிந்தது.

ஸ்டேஷனில் கேட்டாள். "அடிச்சவனை உள்ள வெச்சாச்சும்மா. விலாசம் சொன்னதெல்லாம் ஒரு கேஸா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

மாவுக்கட்டோடு நேரே சோமசேகரன் கடைக்குப் போனாள். கூட்டம் இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் உன்னை அடிச்சேனா? கட்டினவன் வந்து பொண்டாட்டி எங்கன்னு கேட்டான், சொன்னேன். அது உங்க குடும்ப விவகாரம். என்னை ஏன் இழுக்கற?" என்றவர், அடுத்த ஆளிடம் கையை நீட்டிக் காகிதம் வாங்கிக்கொண்டே, "கை தேவலையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு வேலை இல்லாத நாளெல்லாம் அந்தக் கடைக்கு எதிரே போய் நின்றாள். உள்ளே போகும் பெண்களை நிறுத்தி, "பாத்து வெரல் வைங்க. இந்த ஆளு என் விலாசத்தை வித்தவரு" என்று கையைத் தூக்கிக் காட்டுவாள். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் பைத்தியம் என்றார்கள். சோமசேகரனின் மனைவி கவியா ஒருநாள் வெளியே வந்து, "எங்க பொழப்புல ஏங்க மண்ணைப் போடறீங்க?" என்று கேட்டாள். வினிதா அடுத்து வந்த பெண்ணிடம் கையைத் தூக்கிக் காட்டினாள். போலீஸ் வந்து விரட்டினால் போவாள், அடுத்த வாரம் வருவாள்.

அப்படி நின்றபோதுதான் வக்கீல் நசீம் அவளைப் பார்த்தாள். காரைக்காலில் பெண்கள் வழக்குகளை எடுத்து நடத்தும் இளம் வக்கீல். டீ வாங்கிக் கொடுத்து முழுக் கதையும் கேட்டாள்.

"அக்கா, புதுச்சேரியில சட்டத்தை மாத்தப் போறாங்க. அடிபட்டு வெளிய வந்தவங்க விலாசத்தை மறைச்சு வைக்க, தங்க எடம் குடுக்க, விலாசத்தை வெளிய சொல்றவனுக்குத் தண்டனை குடுக்க. கலெக்டர் ஆபீஸ்ல ஜனங்ககிட்ட கருத்துக் கேக்கறாங்க. நீங்க வந்து பேசினா நெறையப் பொம்பளைங்களுக்கு நல்லது."

"நான் மத்தவங்க நல்லதுக்கு வரலீங்க வக்கீலம்மா. அந்த ஆளு ஜெயிலுக்குப் போவாருன்னா வர்றேன்."

நசீம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சரி, வாங்க" என்றாள்.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்ததும் வினிதா முதலில் சொன்னது சோமசேகரன் பெயரையும் கடை இருக்கும் தெருவையும்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பதறினார். "தனி ஆள் பேரெல்லாம் இங்க வேண்டாம்மா. பொதுவாச் சொல்லுங்க."

"என் பேரு, நான் இருக்கற தெரு, என் கதவு, எல்லாத்தையும் அவரு சொன்னாருங்க. நான் அவரு பேரைச் சொல்லக் கூடாதா?"

அவள் தொடர்ந்தாள். "எம் புருசனுக்கு என்னை அடிக்கக் கை இருந்துச்சு. வழி தெரியல. வழி குடுத்தது இவருதான். அடிச்சவன் எத்தனை வருசம் உள்ள இருக்கானோ அத்தனை வருசம் வழி குடுத்தவனும் இருக்கணும். அவ்வளவுதாங்க."

ரொம்ப காலம் கழித்து விதிகள் வந்தன. நசீம் மூச்சு வாங்க லாட்ஜுக்கே வந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் தன் விலாசத்தை மறைக்கச் சொல்லலாம், மறைத்த விலாசத்தை வெளியே கொடுத்தால் சிறை, மையத்தின் உரிமமும் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வினிதா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சோமசேகரனை எப்ப புடிப்பாங்க?"

நசீமின் முகம் மாறியது. "அது முடியாதுக்கா. அவர் செஞ்சது சட்டம் வர்றதுக்கு முன்னால. பழசுக்கு இது செல்லாது."

வினிதா வாளியை எட்டி உதைத்தாள். சோடாத் தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது. நசீம் ஏதேதோ சமாதானம் சொன்னாள். அவள் காதில் ஏறவில்லை. வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமே செஞ்சா?"

"இனிமே செஞ்சா உள்ளதான்." நசீம் சந்தேகமாகப் பார்த்தாள். "அக்கா, என்ன யோசிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

லாட்ஜில் அறை கூட்டும் இனியா புதிதாகக் கல்யாணமானவள். அவள் புருஷன் செம்பியன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டினான். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவன். சோமசேகரனுக்கு இருவரையும் தெரியாது. வினிதா அவர்களிடம் நடந்ததையும் தன் திட்டத்தையும் சொன்னாள்.

செம்பியன் முகம் சுருங்கியது. "எம் பொண்டாட்டிய அடிக்கறவன்னு நானே போய்ச் சொல்லிக்கணுமாக்கா?"

"ஒரு நாளைக்குச் சொல்லு" என்றாள் இனியா. அவள் அம்மா அப்பனிடம் அடிபட்டே செத்தவள். அதை அவள் யாரிடமும் பேசுவதில்லை.

இனியா சோமசேகரன் கடைக்குப் போய் விலாசத்தைத் திருநள்ளாறுக்கு மாற்றி, மறைத்து வைக்கும்படி எழுதியும் கொடுத்தாள். சில நாள் கழித்து செம்பியன், ஓடிப்போன மனைவியைத் தேடுபவனாக, கரி படிந்த சட்டையோடு கடைக்குப் போனான். பையில் இருந்த போன் வினிதாவின் போனோடு பேசிக்கொண்டிருந்தது, பதிவும் ஆகிக்கொண்டிருந்தது. அவள் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, போனை ஒரு காதில் வைத்து, மறுகாதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"முடியாது தம்பி. இப்பச் சட்டம் கடுமையா இருக்கு" என்றது சோமசேகரனின் குரல்.

வினிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த ஆள் திருந்திவிட்டானா? திருந்தினால் அவள் என்ன செய்வாள்? அவர் இப்போது நல்லவராகிவிடக் கூடாதே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

"எதுக்குத் தேடற?" என்று சோமசேகரன் கேட்டார்.

செம்பியன் தடுமாறினான். பிறகு சொல்லிக் கொடுத்தபடி சொன்னான். "இழுத்துட்டு வந்து காலை ஒடைக்கணும்ண்ணே. அப்பத்தான் அடங்குவா."

போனில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. அந்த நேரத்தில் அவர் செம்பியனை எழுந்து போகச் சொல்லியிருந்தால், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"கடை சாத்தற நேரத்துக்கு வா. வெறுங்கையோட வராத."

வினிதா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

சாயங்காலம் சோமசேகரன் பாட்டிலை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இனியாவின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "என்ன வேணா செய். எம் பேரை மட்டும் இழுக்காத" என்று சொல்லியனுப்பினார்.

நசீமுக்கு விஷயம் தெரிந்தபோது கொதித்துப் போனாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? பொறி வெச்சுப் புடிச்சீங்கன்னு அவர் வக்கீல் கிழிச்சுடுவார்."

"சொன்னா வேணாம்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." நசீம் பதிவை மறுபடி ஒருமுறை கேட்டாள். 'காலை ஒடைக்கணும்' என்ற இடமும், அதற்கு அடுத்து வந்த பதிலும் போனபோது அவள் கோபம் திசைமாறியது. இனியாவைக் கூட்டிக்கொண்டு தானே ஸ்டேஷனுக்குப் போனாள்.

போலீஸ் வந்த காலையில் வினிதா கடைவாசலில் இருந்தாள். யாரும் அவளை விரட்டவில்லை. கணினியை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். ஷட்டரை இழுத்து சீல் வைத்தார்கள். வெளியே கூட்டி வந்தபோது சோமசேகரன் அவளைப் பார்த்தார். அந்தக் கணமே எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"தங்கச்சி, நீயா இப்படிப் பண்ணின?"

"நான் உங்களை அடிச்சேனாண்ணே?" என்றாள் வினிதா.

ஜாமீனில் அவர் வெளியே வந்தார். வழக்கு இழுத்தடிக்கிறது, பொறி வைத்தது சரியா என்று இரு தரப்பும் வாதாடுகின்றன. ஆனால் உரிமம் போனது போனதுதான். யாரும் அவரைக் கணினிப் பக்கம் சேர்ப்பதில்லை. துறைமுகத்துச் சாலையில் ஒரு டயர்க் கடையில் காற்றடிக்கிறார் என்று செம்பியன்தான் வந்து சொன்னான். வினிதா ஒருநாள் அந்த வழியே பஸ்ஸில் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள். போதவில்லை. இன்னொரு நாளும் போனாள்.

ஒரு சனிக்கிழமை கவியா லாட்ஜ் வாசலுக்கு வந்தாள். பக்தர்கள் வேடிக்கை பார்க்க, குனிந்து மண்ணை அள்ளித் தூற்றினாள். "எம் புள்ளைங்க வயிறு எரியுதுடி. நீ நல்லாயிருக்க மாட்ட!"

வினிதா முகத்தைத் திருப்பவில்லை. மண் நெற்றியிலும் முடியிலும் விழுந்தது. கவியா அழுது ஓயும்வரை அப்படியே நின்றாள். அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அவர்களின் அப்பன் மேல் வரவில்லை. வருந்துகிறோமா என்று தன்னைத்தானே கேட்டும் பார்த்தாள். இல்லை என்றுதான் பதில் வந்தது.

கவியா போன பிறகு குழாயடியில் முகம் கழுவினாள். மேல்மாடியிலிருந்து இனியா எண்ணெய்ப் பிசுக்கு விரிப்புகளைக் கத்தையாகத் தள்ளிவிட்டாள். வினிதா அவற்றை அள்ளிக்கொண்டு துணி வேகவைக்கும் கொப்பரைக்குப் போனாள். அன்று மத்தியானம் வழக்கத்தைவிட அதிகமாகவே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.